வண்டி வரும் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

நான் அணைத்த நெருப்பு முதலாளியின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஷோகேஸ் மேல் படிந்த வெள்ளைத் தூள்தான் தெரிந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருடைய பார்வை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

பிரேமைச் சூடாக்கி வளைக்கும் ஹீட்டரின் வயர் கருகி, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் பொறி விழுந்தது. பில் போடும் பெண் வீல் என்று கத்தினாள். முதலாளி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு மெயினை அணைத்தேன். பிறகு சுவரிலிருந்த சிவப்பு சிலிண்டரை எடுத்து, ஊசியைப் பிடுங்கி, நெருப்பின் அடியைப் பார்த்து அடித்தேன். எல்லாம் அரை நிமிஷம்.

"ஒரு பாட்டில் தண்ணி ஊத்தியிருந்தா அணைஞ்சிருக்கும்ல? இத யாரு தொடைக்கறது?" என்றார்.

"அணைஞ்சிருக்கும் சார். கரண்ட் வயர்ல தண்ணி ஊத்தியிருந்தா நீங்களும் சேர்ந்து அணைஞ்சிருப்பீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். சாயங்காலம் வரை நானே துடைத்தேன்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் சிரித்தான். "கார் பந்தயத்துல கொடி ஆட்டப் போறவளுக்கு இவ்வளவு பவுசா?" அப்பாவோ எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியின் வயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று பந்தயம். பாதையோரம் ஏழாவது போஸ்ட்டில் மார்ஷல் வேலைக்கு நானும் விசிலும் இன்னும் இரண்டு பேரும். விசில் வெல்டிங் பட்டறை நடத்துகிறாள். இரண்டு விரலை வாயில் வைத்தால் பந்தயக் கார் சத்தத்தையும் மீறிக் கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

மூன்றாவது சுற்றில் ஒரு கார் மணலில் புரண்டது. இரண்டு பேர் காரிடம் ஓடினார்கள், விசில் பின்னாலேயே தீயணைப்பானோடு. நான் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டு காருக்கு முதுகைக் காட்டி, வண்டி வரும் பக்கம் பார்த்து நின்றேன். பின்னால் என்ன ஆகிறது, ஆள் உயிரோடு இருக்கிறானா, தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் வேலை.

முதல் வருஷம் கொடியைப் போட்டுவிட்டு நானும் காரிடம் ஓடினேன். விசில் காலரைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் விழுந்தவனயே பாத்தா, வர்றவன யாருடி பாக்கறது?"

இன்றைய ஆள் தானே எழுந்து நடந்து போனான். எனக்குக் கழுத்தெல்லாம் வெயில் எரிச்சல்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். எழுத வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வதே எனக்கும் ஞாபகமாகிவிடும்.

பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாலை நாலு மணி, தூறல். அண்ணன் கார் ஓட்ட, அப்பா முன் சீட்டில், அம்மாவும் அண்ணியும் பின்னால். நான் ஸ்கூட்டரில், கொஞ்சம் பின்தங்கி. பாலம் தாண்டினால் ஒரு வளைவு. நான் வளைவைத் திரும்பினபோது கார் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வழுக்கிப் போய்த் தடுப்பில் மோதியிருக்கிறது. அப்பா பக்கத்துக் கதவு நசுங்கியிருந்தது.

நின்றேன். பார்த்தேன். புகை இல்லை. பெட்ரோல் வாடை இல்லை. அப்பா நெற்றியில் ரத்தம், ஆனால் கத்துகிறார், கத்துகிறார் என்றால் மூச்சு இருக்கிறது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தான்.

"இழுக்காத! கழுத்து ஆடக் கூடாது. தலையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காரு. அண்ணி, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க!"

அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா" என்றார். முப்பத்தாறு வயசிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

நான் திரும்பி ஓடினேன்.

எதிர்ப்பக்கம் நேர் ரோடு, தூரத்திலிருந்தே கார் தெரியும். பாலத்துப் பக்கமிருந்து வருகிறவனுக்கு வளைவு முடியும்வரை தெரியாது. தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்த மஞ்சள் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, வளைவுக்கு இந்தப் பக்கம் நூறு எட்டு ஓடி, ஓரமாக நின்று ஆட்டினேன். இரண்டு பைக், ஒரு வேன். மெதுவாக்கிப் போனார்கள்.

அப்புறம் லாரி. இரும்புக் குழாய் ஏற்றின லாரி. அவன் என்னைப் பார்க்கவில்லை. வேகம் குறையவே இல்லை. கொடி பிடிக்கிறவள் ரோட்டில் இறங்கக் கூடாது, எந்தப் பயிற்சியிலும் முதல் பாடம் அது. இறங்கிவிட்டேன். நடு ரோட்டில் நின்று ஆட்டினேன். பிரேக் சத்தம் நிற்காமல் நீண்டுகொண்டே வந்தது. கையை நீட்டினால் பம்பரைத் தொட்டிருக்கலாம்.

டிரைவர் குதித்து இறங்கி என் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டினார். நான் வளைவைக் காட்டினேன். நடந்து போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு லாரியைக் குறுக்கே போட்டு விளக்கை மின்ன விட்டார்.

ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கமாக வந்து எதிர்ப்பக்கமாகவே போனது. சத்தம் ஓய்ந்ததும் நடந்து போனேன். நசுங்கின கார், கண்ணாடித் தூள், எழுதிக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர். "எல்லாரும் போயிட்டாங்களேம்மா" என்றார்.

எனக்காக ஒருத்தரும் நிற்கவில்லை.

மார்ச் 18, புதன்

எதிர்ப்பக்கம் பைக்கில் வந்த எவனோ வீடியோ எடுத்திருக்கிறான். ஒன்பது வினாடி. அம்மா அழுகிறாள், அப்பா கை நீட்டுகிறார், நான் முதுகைக் காட்டி ஓடுகிறேன். வளைவு இல்லை, லாரி இல்லை. சுற்றிச் சுற்றி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. சித்தப்பா எழுதுகிறார்: "பெத்த அப்பன் கிடக்கறான், ஓடுது பாரு." அதற்குக் கீழே அண்ணன்: "இதான் எங்க வீட்டு மார்ஷல்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. வீட்டு வாய்க்குமா இல்லை?

நேரே கேட்டேன். "எந்த லாரி? நாங்க யாரும் பாக்கலயே" என்கிறான்.

பாக்கலையாம்! நீங்க அந்த லாரியப் பாத்திருந்தா இன்னிக்குப் பேச யாருடா மிச்சம் இருந்திருப்பீங்க? பாக்கக் கூடாதுன்னுதானே நான் அங்க நின்னேன்!

இதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. நோட்டில் நன்றாக வருகிறது.

மார்ச் 19, வியாழன்

கடைக்கு வந்தவர் ஒருவருடைய லென்ஸை உடைத்துவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு வாரம் யாரையும் பார்க்க விடவில்லை; ஆபரேஷன் முடிந்து இன்றுதான் உள்ளே விட்டார்கள். இடுப்பெலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். விலாவில் இரண்டு முறிவு.

"வலிக்குதாப்பா?"

அப்பா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நர்ஸக் கூப்பிடு" என்றார். அவ்வளவுதான். எதிர்க் கட்டில்காரருக்கு மாற்றின சலைன் பாட்டில் சொட்டுவதை எண்ணிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன்.

வெளியில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கொஞ்ச நாளைக்கு வராத கண்ணு. உன்னப் பாத்ததும் அவருக்கு பிரஷர் ஏறுதாம்."

சரி. வரலை. யாரும் என்னக் கூப்பிட வேண்டாம்.

மார்ச் 27, வெள்ளி

விசிலிடம் போனில் எல்லாம் சொன்னேன். பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு நடுவே திட்டினாள்.

"கொடி பிடிக்கறவ ரோட்டுல இறங்குவியா? உன்னையும் சேத்து அள்ளறதுக்கு ஆள் யாரு? இதுக்கா மூணு வருஷம் கத்துக்குடுத்தேன்?"

பன்னிரண்டு நாளில் எனக்குக் கிடைத்த முதல் நியாயமான திட்டு. மனசு கொஞ்சம் லேசானது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். "நான் ஓடினது ட்ரெயினிங்காலயா, பயத்தாலயா?"

விசில் அறுக்கும் மிஷினை நிறுத்தினாள். "ரெண்டும் ஒரே பக்கம்தானே ஓடுச்சு. விடு."

விட முடியவில்லை. இங்கே எழுதுகிறேன், வேறெங்கும் சொல்ல மாட்டேன். அப்பா முகத்தில் அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடிந்திருக்காது. அவர் "பாப்பா" என்றதும் என் கால் திரும்பியது. வளைவு ஞாபகம் வந்து திரும்பினதா, திரும்பின பிறகு ஞாபகம் வந்ததா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அண்ணன் மேல் இவ்வளவு கோபம் வருவதே அவன் சொல்வதில் ஒரு பொட்டு உண்மை இருக்குமோ என்பதால்தானோ என்னவோ.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று சண்டை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். ஆரம்பித்தது தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்று. முடிந்தது எங்கேயோ.

"ஓடறது உனக்கென்ன புதுசா? புருஷன விட்டே ஓடி வந்தவதானே" என்றான்.

அண்ணி "என்னங்க இது!" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. இருபது நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்பிவிட்டேன்.

"கார ஓட்டினது யாரு?"

அவன் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனான். அம்மா என்னைத்தான் பார்த்தாள். "எரியற கொள்ளியில எண்ணெய ஊத்தறியேடி. அவன் தினம் ராத்திரி தூங்காம உக்காந்திருக்கான், தெரியுமா உனக்கு?"

நான் மட்டும் குறட்டை விட்டுத் தூங்குகிறேனா? அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 11, சனி

அப்பா வீட்டுக்கு வந்தார். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறது. அண்ணன் கீழே உட்கார்ந்து கட்டில் காலுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். மாத்திரை கொடுக்க வேறு ஆளில்லாததால் நான் போனேன். வாங்கி விழுங்கினார். தம்ளரைத் திருப்பித் தரவில்லை.

"லோடு வண்டி" என்றார்.

"என்னப்பா?"

"அன்னிக்கு வந்தது. இரும்பு லோடு. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன், பிரேக் சத்தத்துலயே தெரியும்."

"ஆமாப்பா. குழாய்."

"அவ்வளவு நீளத்துக்கு அழுத்தி, சட்டுனு நின்னுச்சு. அப்படி நின்னா முன்னால ஏதோ மாட்டிருச்சுன்னு அர்த்தம். நீ போயிட்டேன்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. உடைந்த கோபத்தில் இன்னும் சத்தமாகப் பேசினார். "போய்ப் பாருங்கடா, புள்ளயப் போய்ப் பாருங்கடான்னு கத்தறேன். எல்லாரும் என்னையே பாக்கறீங்க. எவனும் திரும்பல. ஆம்புலன்ஸ்ல ஏத்தற வரைக்கும் கத்தினேன். வலியில உளர்றார்னு ஊசி போட்டுட்டாங்க."

அண்ணன் கையில் ஸ்பானர் நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை.

"ஒரு வாரம் கழிச்சு முழுசா வந்து நின்னுக்கிட்டு, வலிக்குதாப்பான்னு கேக்கறா! எழுந்து அறையணும்போல இருந்துச்சு. எழுந்திருக்க முடியல. அதான் சுவரப் பாத்தேன். லாரி முன்னால போய் நிப்பியா? சொல்லு, நிப்பியாடி?"

"நிக்க மாட்டேம்பா. ஓரமாத்தான் நிப்பேன்."

"ஓரமா நில்லு" என்று தம்ளரை நீட்டினார்.

அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். ஒரு வாரம், அந்த மனுஷன் என் சாவுக்குத் துக்கப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். இருபத்தேழு நாளாக நான் அவர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

குடும்பக் குழுவில் அட்மினான அண்ணன் அந்த வீடியோவை அழித்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அழித்தால் ஆயிற்றா?

மே 17, ஞாயிறு

காலையில் அப்பாவுக்கு நடைப் பயிற்சி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டார். ஒரு பக்கம் அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் யாரோ வீடு கட்டக் கொட்டின மணல். அதில் ஒரு அம்மாவின் ஸ்கூட்டர் சறுக்கி, அவர் நடுத்தெருவில் விழுந்தார். நான் மூன்று மூன்று படியாக இறங்கி ஓடினேன். எதிர்வீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், அண்ணி, எல்லாரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் அவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். சொன்னார். கை விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தார். அப்புறம்தான் சுரீர் என்றது. முனை திரும்பி வருகிறவனை யார் பார்க்கிறார்கள்?

நிமிர்ந்தேன்.

முனைக்கு அந்தப் பக்கம், ஓரமாக, அண்ணன். அப்பாவின் தோளிலிருந்த துண்டை உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு வேன் நின்றிருந்தது, அதற்குப் பின்னால் இரண்டு பைக். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அந்த அம்மாவை எழுப்பி உட்காரவைத்து, ஆட்டோவில் ஏற்றி, ஆட்டோ கிளம்பும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கேட்டருகே அப்பா வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, துண்டில்லாத தோளோடு தனியாக நின்றார். கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கண்ணன் என்னய அப்படியே விட்டுட்டு ஓடிட்டான் பாரு" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.