நனைந்த கட்டு

என் அப்பாவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது இரண்டே சொற்கள். "கட்டு நனைந்துவிட்டது." நனைந்ததா என்று நர்ஸ் ஷம்பாதி நேராகக் கேட்டார். நான் "இல்லை" என்றேன். நீங்கள் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தீர்கள்.

முதுகெலும்பில் கிருமி புகுந்திருக்கிறது, ஆறு வாரம் ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாகவே ஏற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு, மீதியை வீட்டிலேயே ஏற்றலாம் என்று டாக்டர் சொன்னதும் உடனே செருப்பைத் தேடினீர்கள். மேல்கையில் நுழைந்து இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய குழாய். அதன் வாயை மூடி ஒட்டிய கட்டின்மேல் தண்ணீர் படக் கூடாது, பட்டால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். தினமும் மருந்து ஏற்ற வந்த நர்ஸ் ஷம்பாதி இதை என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

பாலிகஞ்ச் வீட்டுத் திரைக்கம்பியில் மருந்துப் பை தொங்கியது. "நம்ம கார்டன் ரீச் ஆபீஸ் ஃபைல் மாதிரில்ல நகருது" என்று உங்கள் பழைய ஆபீஸை இழுப்பீர்கள். அதையே வங்காள மொழியிலும் சொல்லி ஷம்பாதியைச் சிரிக்க வைப்பீர்கள். உங்களைச் சித்தப்பா முறை வைத்து, "மேஷோ, உங்க ஃபைல்ல இன்னிக்கே கையெழுத்து ஆயிடும்" என்பார் அவர். நான் குழாயைக் கழுவிவிடும் விதத்தைப் பார்த்து ஒரு நாள், "நீ பாதி நர்ஸ் ஆயிட்டே" என்றார். எந்தப் பரீட்சையிலும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

பிறகு தீபாவளி. அம்மா போன பிறகு வந்த முதல் தீபாவளி. "தலைல எண்ணெய் வைக்காம ஒரு தீபாவளியாம்மா? கையத்தான் மூடிடலாமே" என்றீர்கள். விதி எனக்குத் தெரியும். ஆனாலும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் நீங்கள் நோயாளியாகவே இல்லை.

பையைப் பிரித்தால் உள்ளே தண்ணீர். கட்டின் ஓரம் எழும்பி, அடியில் எண்ணெய் மினுங்கியது. துணியால் ஒற்றிவிட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு ஷம்பாதி வந்தார். அவர்கள் வீட்டில் சாயங்கால விளக்குதான் பண்டிகை, காலைக் குளியல் அவருக்குத் தெரியாத வழக்கம். இருந்தும் உங்கள் ஈரத் தலையைப் பார்த்தார், பிளாஸ்டரைப் பார்த்தார். "ஜோல் லாகெனி தோ, போன்?" என்றார். தண்ணி படலையே, தங்கச்சி?

இல்லை, வியர்வையில் ஓரம் கிளம்பியது என்றேன். கட்டை மாற்றும் முறை எப்படியும் மறுநாள்தான் என்பதால் அவர் நம்பி அப்படியே விட்டுவிட்டார். நனைந்தது என்றிருந்தால் அப்போதே பிரித்திருப்பார்.

உங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைத்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். பாதி நர்ஸ் என்ற பெயர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்த உங்களுக்கு அந்தக் கேள்வி புரியாமல் இருந்திருக்காது. என்னைப் பார்த்தீர்கள், கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்னைக் காப்பாற்றினீர்களா? அல்லது என்மேல் அவ்வளவு நம்பிக்கையா?

மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை. கிருமி குழாய் வழியாகத்தான் வந்திருக்கிறது, எப்போது, எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த "முடியாது"க்குள் நான் ஒளிந்துகொண்டேன். துக்கம் கேட்க வந்தவர்கள், "அப்பாவைக் கைல வச்சுத் தாங்கினியேம்மா" என்றார்கள். தலையாட்டினேன்.

நர்ஸ்களை அனுப்பும் அலுவலகத்திலிருந்து போன் செய்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். நான் பேசவில்லை. அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். ஷம்பாதி கையைச் சரியாகக் கழுவாததுதான் காரணம் என்று முடிவு செய்து அவரை நிறுத்திவிட்டார்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது போன மாதம். ஹவுராவில் அவர் வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு உன்கிட்ட கேட்டேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அந்த நர்ஸ் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். இனி யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அந்த இரண்டு சொற்களைச் சொல்வேன் அப்பா. உங்களை நல்லபடியாகப் பார்த்துக்கொண்ட மகள் என்று யாரையும் சொல்ல விடமாட்டேன்.

கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஷம்பாதியைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை.

நீங்கள் காட்டிக்கொடுக்காத
உங்கள் மகள்