உன் ஆணிச் சப்பாத்து அவளுக்கு அளவு

குஞ்சு,

கராஜுக்குள் கிடந்த உன் விளையாட்டுப் பையைத் திறந்தேன். ஆணி வைத்த சப்பாத்தில் காய்ந்த சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது. நோவெண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் நிலத்திலேயே குந்திவிட்டேன். சப்பாத்தைக் கேட்டது உன் மகள். அவளும் ரக்பி விளையாடப் போகிறாளாம். தகப்பன், என் மகன்தான் மறித்தான். நீ வருத்தம் வந்து கண்ணை மூடியதிலிருந்து பிள்ளை இருமினாலே அவனுக்குப் பயம்.

"அவளுக்கும் ஒண்டெண்டால் நான் தாங்கமாட்டன், அம்மா."

நீ அயர்லாந்திலிருந்து கனடாவுக்கு, இந்த மில்லிக்கனுக்கு, எனக்கு மருமகளாக வந்த புதிதில், பழகிய கொஞ்சத் தமிழில், "மாமி, நாட்டுக்கு விளையாடி நிறையக் கப் எடுத்தனான்" என்றாய். நான் கண்ணாடி அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கித் துடைத்து வைத்தேன்.

"வெற்றிக் கப் இல்லை மாமி. இங்கிலீசில தொப்பியும் கப்தான்."

"தொப்பியோ? இந்தக் குளிருக்கு உதுவும் நல்லதுதான். எங்கை, கொண்டு வா."

"ஐயோ மாமி! நாட்டுக்கு விளையாடுற ஒவ்வொரு மட்சுக்கும் ஒரு தொப்பி எண்டு கணக்கு மட்டும்தான்."

"தராத தொப்பிக்கு என்னடி கணக்கு?"

விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தத் தட்டில் இப்போது உன் படம் இருக்கிறது.

பகலில் வேலை, பின்னேரம் மழைக்குள் பயிற்சி என்று அயர்லாந்தில் எத்தனை வருடம் ஓடினாய். முன்வரிசையில் நின்று தோளால் தள்ளுவது உன் வேலை. பந்து உன் கைக்கு வருவதே குறைவு என்றாய்.

"பந்தையும் தொடாமல் ஏன் பிள்ளை உடம்பை உடைச்சனீ?"

"பக்கத்தில நிக்கிறவள் விழக்கூடாது, மாமி."

அதைத்தான் மகனிடம் சொன்னேன். கார்த் திறப்பை எடுத்தான். நேற்று மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன், காரை விட்டு இறங்கவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். ஒரு பெரிய பெட்டை உன் மகளை இடுப்பில் பிடித்துச் சரித்தாள். "அம்மா!" என்று கத்திக்கொண்டு பிள்ளை விழுந்தாள். காரின் கதவு திறந்த சத்தம் கேட்டது. அதற்குள் அவள் எழும்பி, முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு தோள் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன், "அடுத்த கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

உன்னை அவள் எப்போதும் "மம்மி" என்றுதான் கூப்பிடுவாள். "அம்மா" நாங்கள் நோவுக்குக் கத்துகிற சொல். நோவுக்குத்தான் கத்தினாளோ, உன்னைத்தான் கூப்பிட்டாளோ, எனக்குத் தெரியவில்லை.

உனக்குக் கேட்டதா, குஞ்சு?