வலது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்

ஒஹையோ, 1863, அறுவடை மாதம்

கர்த்தர் காக்கும் என் கணவருக்கு,

நம் மகள் லோயிஸ் எப்படி இருக்கிறாள் என்று போர் முகாமிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். நான் சோளத்தையும் பன்றிகளையும் பற்றியே எழுதிவந்தேன். இத்துடன் அவள் படம் இருக்கிறது.

வசந்தத்தில் வண்டியோடு வந்த படக்காரர் பிங்காம் எடுத்தது. ஓர் அட்டையில் இரண்டு படங்கள். அதற்கென்றே உள்ள இரட்டைக் கண்ணாடியில் வைத்து இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒன்றாகி, ஆள் எதிரே இருப்பதுபோல் எழும். நேற்றுதான் கொண்டுவந்தார்.

"மன்னிக்கணும் அம்மா, பாழாப்போச்சு. எங்கிட்ட ஒத்தைக் கேமராதான். இடப்பக்கப் படத்தை எடுத்துட்டு, கேமராவை வலப்பக்கம் நகர்த்துறதுக்குள்ள உங்க வாலு கோழியைத் துரத்திக்கிட்டு ஓடிடுச்சு, கவனிக்காம அடுத்ததையும் எடுத்துட்டேன்! எங்க அவ? கூப்பிடுங்க, சும்மாவே வேற எடுத்துத் தர்றேன்."

"இதுவே போதும் ஐயா," என்றேன்.

உங்கள் முகாம் பாதிரியாரிடம் அந்தக் கண்ணாடி இருக்குமே, வாங்கிப் பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் அவள் இருக்கிறாள். ஆனால் அவள் உடம்புக்குள்ளே நாற்காலியின் சட்டங்கள் தெரிகின்றன. வலது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முழுசாக உட்கார்ந்திருப்பாள். ஜெபத்துக்கு முன்பும் பின்பும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இடது கண்ணை மட்டும் மூடாதீர்கள். வெறும் நாற்காலிதான் தெரியும். தொண்டைக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து நம் வீட்டில் இருப்பது அதுதான்.

கர்த்தர் உங்களையாவது திருப்பித் தரட்டும்.

உங்கள் மனைவி