சரசுவின் கால்களும் பச்சைப்பயறும்

4 மார்ச், ஞாயிறு
விடியலிலேயே மழை. செடெனாக் ஸ்டேஷனில் ரயில் லேட். சரசுவை நாற்காலியோட தூக்கி ஏத்தினோம். நேத்து உட்கார்ந்தபடி சமைச்சவ, பாதத்துல தணல் விழுந்தது தெரியலையாம். கருகின நாத்தம் வந்துதான் குனிஞ்சு பார்த்திருக்கா.
பெட்டியில்: சேலை 3, சீப்பு, சோப்பு, பச்சைப்பயறு.
"இதையுமா?" என்றாள். எஸ்டேட்டுக்கே மருந்து கொடுக்கிற டிரெசர் நான், என் பொண்டாட்டி மருந்தை விடலாமா என்றேன்.

5, திங்கள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரி
நல்ல வெயில். வெள்ளைக்கார டாக்டர் பாதத்திலிருந்து மேலே ஊசியால் குத்திக்கிட்டே வந்தார். மார்புக்குக் கீழே எங்கேயும் உணர்ச்சி இல்லை. என்ன வைத்தியம் என்றார். சத்துக் குறைவுல வர்ற பெரி-பெரின்னு மூணு மாசமா பயறு என்றேன். எஸ்டேட் சீனக் கூலிகளுக்குக் கால் மரத்துப்போனா அதுதான். பயறு கொடுப்பேன், எழுந்து நடப்பாங்க.
"உங்க வீட்டுல என்ன அரிசி?"
"புழுங்கல்."
என்னைப் பார்த்தார்.
புழுங்கல் தின்கிறவங்களுக்குப் பெரி-பெரி வராது. பச்சரிசியை விடுங்கன்னு அந்தச் சீனர்கள்கிட்ட பதினோரு வருஷமா சொல்றவனே நான்தான். அட மடையா!

6, செவ்வாய்
முதுகெலும்புக்குள்ளே கட்டியாம். தண்டுவடத்தை நெருக்குது. ரொம்ப அபூர்வம். எலும்பைத் திறந்து எடுக்கணும். நடை திரும்புமா? "முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் டாக்டர்.
பயறு விஷயம் சரசுகிட்ட சொல்லலை. பயம்.
செருப்பு வார் அறுந்துடுச்சு.

8, வியாழன்
ஆபரேஷன். எட்டு மணிக்கு உள்ளே போனவ, பன்னிரண்டரைக்கு வெளியே. உயிர் இருக்கு. கட்டியைக் குப்பியில் காட்டினார். கொட்டைப்பாக்கு அளவு. இவ்வளவுதானா!

13, செவ்வாய்
ஊசியால குத்திப் பார்த்தேன். இடுப்பு வரைக்கும் தெரியுது. கால் சும்மா கிடக்கு.
எல்லாத்தையும் சொல்லிட்டேன்.
"நாம புழுங்கல்னு உங்களுக்குத் தெரியும்லா?"
தெரியும் என்றேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டா. கஞ்சியும் வேண்டாமாம்.

16, வெள்ளி
இன்னும் பேச்சில்லை. தலை வாரி விட்டேன். விட்டா.

19, திங்கள்
தூறல். பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது மிச்சப் பயறு கொட்டிடுச்சு. கட்டிலுக்கடியில் பொறுக்கிக்கிட்டிருந்தேன்.
"ஏங்க."
ஆறு நாளுக்கப்புறம் முதல் பேச்சு.
"இன்னொரு தடவை அந்தக் கர்மத்தை வேக வைச்சீங்க, சட்டியோட எட்டி உதைச்சிடுவேன்."
போர்வைக்கடியில் வலது கட்டைவிரல் அசைஞ்சுது. மறுபடியும். அவளும் பார்த்தா. எனக்கு அழுகை வந்துடுச்சு, அவ சிரிக்கிறா.
நாளைக்கு வாங்க வேண்டியது: செருப்பு வார். பச்சைப்பயறு ஒரு பொட்டலம். கால்மாட்டில் வைக்க. எட்டி உதைக்கட்டும்.