வில்லுக்கு உள்கட்டை

ஆவணி 6, ஞாயிறு.
மேகமூட்டம். மழை இல்லை. வில்லுக்கு வைத்த தேக்கு உடைந்தது.

அரூரிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய சட்டம். வைரம் பாய்ந்தது என்று சொல்லி அனுப்பினான். அரை வளைவுகூட வரவில்லை, நடுவில் படீர். அதன்மேல் ஒட்டியிருந்த எருமைக்கொம்புச் சிம்பும் கூடவே போயிற்று. கொம்பை அறுத்துத் தேய்த்ததில் விரலெல்லாம் புண். எல்லாம் பாழ்.

வூடு முழுக்க வச்சிரப் பசை நாற்றம். மாட்டுத்தோலும் குளம்பும் வேகிற நாற்றம். அப்பாவின் வண்டிப் பட்டறையில் இந்தப் பசையின் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். எனக்கே குமட்டுகிறது. தலைமயிரில்கூட ஏறிவிட்டது.

வூட்டுக்காரர் இருந்தவரை துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் அவர் பேரில். மாசியில் மலைக்காய்ச்சலில் அவர் போனார், பங்குனியில் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. திருப்பிக் கொடுத்தாலும் சண்டைக்காலத்தில் தோட்டாவுக்கு எங்கே போவது. பன்றிகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. நேற்றும் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து கிழக்கு மூலையை உழுதுவிட்டுப் போயிருக்கின்றன.

மாமனார் சொன்னது சொன்னதுதான். கடலை பிடுங்கும்வரை பார்ப்பார். காப்பாற்றினால் மேட்டுக்கொல்லை என் கையில். இல்லாவிட்டால் கொழுந்தன் மாதப்பன் உழுவான், எனக்கு ராகி அளப்பான். பிள்ளை இல்லாதவளுக்கு அது போதுமாம். அவன் அளந்து போடுவதைத் தின்பதற்கு ஆற்றில் விழலாம்.

ஆவணி 8.
காற்று. காலையில் மாதப்பன் வந்தான். தோளில் மூங்கில்.

நான் வில் கட்டுகிற விஷயம் அவனுக்குத் தெரியும். வத்தல்மலைக்காரர் ஒருவரிடம் அவர்கள் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தேன். அவர்கள் இழுத்தால் பன்றி விழும். நான் இழுத்தால் பாதிகூட வளையவில்லை. அதனால்தான் இந்த ஒட்டுவில். பட்டணத்து வாரப் பத்திரிகையில் படம் பார்த்தது. முதுகில் நரம்பு, வயிற்றில் கொம்பு, நடுவில் மரம். குட்டை வில், ஆனால் விசை அதிகம். எல்லாம் நடுவில் இருக்கிற உள்கட்டையில்தான் இருக்கிறது.

"நாலு வருசமா எரவாணத்துல காஞ்ச மூங்கி, அண்ணி. நீங்க படற பாட்ட பாக்க முடியலீங்க" என்றான். குரலில் அத்தனை பாசம். பேசிக்கொண்டே என் மரச்சீவல் மேல் வெற்றிலையைத் துப்பினான். அடுப்புக்கு வைத்திருந்த சீவல்.

அவன் போனதும் மூங்கிலைப் பிளந்தேன். உள்ளே மாவு. கொட்டுகிறது. வளர்பிறையில் வெட்டினால்தான் இப்படி உளுத்துப்போகும். மாவுக்குள் வெள்ளைப் புழு நெளிகிறது. கையை மூன்று தரம் சாம்பல் போட்டுக் கழுவினேன். தெரிந்துதான் கொடுத்தான். இதை வைத்து வில் கட்டி, இழுக்கும்போது என் முகத்தில் தெறித்திருந்தால் அவனுக்கு வேலை மிச்சம்.

ஆவணி 9.
இதுவரை பார்த்தவை.
ஆச்சா. இரும்பு. வளையாது. கையில் தூக்கவே கனம்.
வாகை. வளைகிறது. திரும்பி நிமிர மனசில்லை, மாமனார் வூட்டுக் கிழ எருது போல.
தேக்கு. மேலே எழுதியாயிற்று.
தடசு. நல்ல மரம், வளைந்து உடனே நிமிர்கிறது. கிடைத்த துண்டு முழுக்கக் கணு. வேறு வேண்டுமென்றால் ரிசர்வு காட்டுக்குள் போக வேண்டும், ஃபாரஸ்ட் கார்டு பிடிப்பான்.
கல்மூங்கில். லேசு, நிமிர்கிற வேகம் வேறு எதற்கும் இல்லை. முற்றினது வேண்டும். தேய்பிறையில் வெட்டினது வேண்டும்.

முற்றின கல்மூங்கில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

உப்பு தீர்ந்தது. விளக்குக்கு எண்ணெய் கொஞ்சம்தான்.

ஆவணி 11.
வெட்டிவிட்டேன்.

மேட்டுக்கொல்லையின் வடக்கு வரப்புப் புதர். மாசியில் அவரைத் தூக்கிப்போக அதில்தான் மூங்கில் வெட்டினார்கள். வெட்டியவன் மாதப்பன். பாடைக்கு வெட்டின புதரில் பிறகு யாரும் கை வைக்க மாட்டார்கள். கூடைக்கு வெட்ட மாட்டார்கள், படலுக்கு வெட்ட மாட்டார்கள். ஆடு மேய்க்கிறவள்கூடச் சுற்றிக்கொண்டு போகிறாள். அதனால்தான் அங்கே இப்படி முற்றி நிற்கிறது.

தேய்பிறை. விடிந்த கையோடு போனேன், யாரும் இல்லை. முதல் வெட்டு விழுந்ததும் அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். வூட்டுக்குள் உட்கார்ந்து கேட்டேனே, அதே சத்தம். அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து வெட்டினேன். பயமாகத்தான் இருந்தது. பன்றியை நினைத்தேன், மாதப்பன் துப்பியதை நினைத்தேன், பயம் குறைந்தது.

பிளந்து அடுப்புக்கு மேலே புகையில் கட்டியாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசி 3.
தூறல். இந்த ஈரத்தில் வச்சிரம் காயுமா தெரியவில்லை.

மூங்கில் காய்ந்துவிட்டது. தட்டினால் கணீர் என்கிறது, ஒரு பொட்டு மாவு இல்லை. கொம்பு ஒட்டியாயிற்று. இன்று நரம்பு. மாட்டின் கால் நரம்பைக் காயவைத்து, கல்லில் தட்டி, நார் நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து முதுகில் படிய வைக்க வேண்டும். சளி போல வழிகிறது. ஈ மொய்க்கிறது. முழங்கை வரை அதுதான்.

அந்த நேரம் பார்த்து மாதப்பன் பெண்டாட்டி சின்னம்மா முறம் கேட்டு வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துல எப்பிடிக்கா சோறு எறங்குது" என்றாள். இறங்கவில்லைதான். இரண்டு நாளாகக் கூழ் மட்டும். அவளிடம் சொல்லவில்லை, முறத்தைக் கொடுத்தனுப்பினேன்.

புரட்டாசி 14.
வெயில், கடவுள் புண்ணியம். வில் காய்கிறது. கொல்லர் அம்பு முனை கொடுத்தார். கடலை காய் பிடித்திருக்கிறது. பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டது.

புரட்டாசி 22.
மாமனார் வந்தார். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். பின்னால் மாதப்பன், புதுத் துண்டு போட்டுக்கொண்டு. பன்றி கிளறின இடத்தைக் காட்டத்தான் கூட்டி வந்தான். பாதிக் கொல்லை போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறான். போனது ஒரு மூலை.

வில்லைக் கேட்டார்கள். கொடுத்தேன். மாதப்பன்தான் முதலில் பிடுங்கினான். வாழைமரத்தைக் குறிவைத்து எய்தான். அம்பு பாதி உள்ளே. அவனுக்கே ஆச்சரியம், இன்னொரு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தான். தன் வில் போலத் தடவினான். மாமனார் உள்ளே என்ன மரம் என்று கேட்டார்.

சொன்னேன். வடக்கு வரப்புப் புதர் மூங்கில்.

மாதப்பன் வில்லைக் கீழே போட்டான். பாம்பைப் போட்ட மாதிரி. வேட்டியில் கையைத் துடைத்தான், துப்பினான், கிணற்றுக்கு ஓடிக் கழுவிவிட்டு வந்தான். வந்ததும் பேச்சு. தீட்டு மூங்கில் பயிருக்குள் வந்துவிட்டதாம், கொல்லை இனி என் கையில் இருக்கக்கூடாதாம், தானே பார்த்துக்கொள்கிறானாம். பெரியவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார்.

காரியத்தன்று மூன்று தரம் குழம்பு கேட்டு வாங்கித் தின்ற வாய் இது.

"பாடைக்கு வெட்டுன பொதரு ஆவாது. பாடையில போனவரு கொல்லை மட்டும் ஆவுமா, மாதப்பா?" என்று கேட்டேன்.

தலையாட்டினவர் வாழைமரத்தைப் பார்த்தார். மாமனார் குனிந்து வில்லை எடுத்தார். மண்ணைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடலை புடுங்கற வரைக்கும்னு சொன்னேன். இன்னும் புடுங்கல" என்று என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். மாதப்பனும் பின்னாலேயே போனான்.

ஐப்பசி 1.
பனி. விடியற்காலை, பரண் மேல்.

ஒன்று வந்தது. பெரிய ஆண். கடலைச் செடியைப் பிடுங்கி மென்றுகொண்டே பரணுக்குக் கீழே வந்தது. இழுத்தேன். வில் முனகவில்லை. விலாவில் அடி. கத்திக்கொண்டு உண்ணிச்செடிக்குள் பாய்ந்தது. வெளிச்சம் வந்தபின் ஆட்களோடு போய்ப் பார்த்தால் ஓடைச் சேற்றில் கிடக்கிறது. ரத்தமும் சேறும் பீயுமாக. வாந்தி எடுத்தேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை, உடம்பு முழுக்க அசதி.

ஐப்பசி 2.
காலையில் வெயில். மாமனார் வந்து பன்றியைப் பார்த்தார். அடுத்த வருசமும் நீயே உழு என்றார். அவ்வளவுதான். போகும்போது வடக்கு வரப்பு வழியாகத்தான் போனார்.

கறியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது சின்னம்மா. கையில் சட்டி. பெரிய சட்டி.

"அவருதான் குடுத்தனுப்புனாரு, அக்கா. நெஞ்சுக்கறியா பாத்து போடச் சொன்னாரு."

எந்த வில்லில் விழுந்த பன்றி என்று கேட்டேன். தெரியும் என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள், சட்டியை மட்டும் நீட்டியபடியே இருந்தாள்.

சீ.

நிறையப் போட்டேன். நெஞ்சுக்கறிதான். தின்னட்டும்.

கால் நரம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இன்னொரு வில்லுக்கு ஆகும். உள்கட்டைக்கு அதே புதர்.