கோடு முப்பத்தொன்று

நாள் 211, 09:20
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரெக்ஸ்லின், இந்த விண்நிலையத்தின் கட்டமைப்புப் பொறியாளர். செவ்வாய்ப் பாதையில் இருக்கிறோம். முன் அறையில் நான். பின் அறையில் மின் பொறுப்பாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. நடுவே முந்நூறு மீட்டர், மூன்று வடங்கள். அறைகள் ஒன்றையொன்று சுற்றுவதால்தான் எங்களுக்கு எடை.

மூன்றாம் வடத்தில் மின்சாரமும் ஓடுகிறது. அது சூடாகாதிருக்க, ஒட்டியே ஒரு குளிர்நீர்க் குழாய். அதன் வெப்ப உணரி இன்று செத்துவிட்டது. இனி சூட்டைக் கணினியில் நான் வைத்திருக்கும் வரைபட மாதிரிதான் சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொரு பாகமும் ஒரு புள்ளி. வடம், குழாய், கம்பி எல்லாம் கோடுகள். விசையோ வெப்பமோ போகும் திசைக்கு அம்பு. ஒவ்வொரு புள்ளியிலும் வருவதும் போவதும் சமமாக வேண்டும். குழாயைக் கோடு 31 ஆகச் சேர்த்தேன். மற்றவை வழக்கம்போல்.

நாள் 213, 14:25
மாதிரியில் மூன்றாம் வடம் 140 டிகிரி. நேற்று 90. இருநூறில் இழை இளகும். அறுந்தால் மற்ற இரண்டும் தாங்காது. சாட்டைபோல் வீசி இரு அறைகளையும் கிழிக்கும்.

மின்சாரத்தை நிறுத்தினோம். மாதிரியில் சூடு குறையவில்லை.

ரேடியோவில் அண்ணாச்சி: "இங்க ஒண்ணும் தெரியலியே பிள்ள. வடம் சும்மாதான் கெடக்கு. நீ மறுபடி போட்டுப் பாரு."

மூன்று முறை போட்டேன். அதே விடை.

நாள் 214, 11:40
178. கூண்டில் ஏறி அவர் இங்கே வரலாம் என்றால், கூண்டு ஓடுவதும் அந்த வடத்தில்தான். மாதிரியில் ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியில் அறுகிறது.

வடங்களின் நடுப்பூட்டைத் திறந்து பிரிந்தால் ஒரு அறை பிழைக்கும். எஞ்சின் உள்ள அறை. என் அறை.

இதை அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

12:04
"பூட்டுப் பொத்தான் எங்கிட்டயும் இருக்கு. நீ தொடாத. காலத்துக்கும் உன் மனசு அடிச்சிக்கிடும். உன் கணக்கு சரின்னா சரிதான் பிள்ள."

12:06
எடை போய்விட்டது. பேனா மிதக்கிறது.

16:30
இனி ஒரே அறை என்பதால் மாதிரியைத் திருத்த உட்கார்ந்தேன். பின் அறையின் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். கோடு 31-க்கு வந்ததும் கை நின்றது.

அம்பு வடத்தைப் பார்த்து இருக்கிறது. குழாய் வடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துப் போக வேண்டும். நான் போட்ட அம்பு வெப்பத்தை வடத்துக்குள் ஊற்றியிருக்கிறது. மூன்று நாளும்.

திருப்பிப் போட்டேன். 41 டிகிரி.

மறுபடி. 41.

நாள் 215, 08:15
அவர் நாலாயிரம் கிலோமீட்டர் போய்விட்டார். துரத்திப் பிடிக்கலாம். பிடித்தால் இருவருக்கும் ஊர் திரும்ப எரிபொருள் இராது. எஞ்சினை நான் இன்னும் தொடவில்லை.

"பிள்ள, கேக்குதா? காத்து இன்னும் ரெண்டு நாளைக்குக் காணும். ஒண்ணு மட்டும் சொல்லு. கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?"

சரிதான் அண்ணாச்சி என்றேன்.

08:21
வெறும் இரைச்சல். பிறகு அவர் குரல், நிதானமாக.

"வடத்துல என் பக்கத்துப் பாதியச் சுருட்டி உள்ள இழுத்துட்டேன். கையிலதான் வச்சிருக்கேன். எங்கயும் இளகல. ஒரு கருகல் கூட இல்ல. அதான் கேட்டேன்."

08:40
அழைப்பு விளக்கு எரிகிறது. எடுக்கவில்லை.

நாள் 216, 13:00
எரிகிறது.

நாள் 217, 10:05
அணைந்துவிட்டது.