பாசி ஒதுங்கிய இடம்

லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு
4.2.2024

அன்பு நந்தினி,

நான் நலம். போனில் பேசினால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்று கடிதம் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். ஜெர்மனியில் உனக்கு என்ன ஆராய்ச்சி என்று அம்மா கேட்டாள். விண்மீன் கூட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வாயு என்றேன். "இன்னாடா, கேஸுக்காகவா அம்மாந்தூரம் போச்சு? மீஞ்சூர்ல இல்லாத கேஸா?" என்றாள். எனக்கும் அந்த வாயுவின் மேல் பொறாமைதான். என்னை நீ இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. ஆனி மாதம் நம் கல்யாணத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், மறக்காதே.

உன் முத்துராஜ்


ஹைடல்பெர்க்
21.2.2024

அன்புள்ள மாமா,

நான் தேடுவது வாயுவை இல்லை, கரும்பொருளை என்று அத்தையிடம் சொல்லுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது திரண்ட இடத்தில்தான் வாயுவும் திரளும். வெகு தொலைவிலிருந்து வரும் ஒளியை வழியில் அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். ஒளியில் எங்கெங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்த்தால், கரும்பொருள் சின்னச் சின்னக் கட்டியாகக் கிடக்கிறதா, பரவிக் கிடக்கிறதா என்று தெரியும். ஏரியில் பாசி ஒதுங்கிய இடத்தைப் பார்த்து அடியில் வலை கிடக்கிறது என்பீர்களே, அப்படித்தான்.

தானியேல்தான் எல்லாம் சொல்லித் தருகிறான். ஒரே அறையில் வேலை. தானியேல் போடும் காபி நம் ஊர்க் காபி மாதிரியே இருக்கும். பனியில் வழுக்கி விழுந்தபோதும் தானியேல்தான் தூக்கிவிட்டான்.

உங்கள் நந்தினி


பழவேற்காடு
10.3.2024

அன்பு நந்தினி,

வாயு விஷயம் புரிந்தது. தானியேல் விஷயம்தான் புரியவில்லை. சொல்லித் தருகிறான், காபி போடுகிறான், தூக்கிவிடுகிறான். அவனுக்கு வேறு வேலையே கிடையாதா? கல்யாணம் ஆனவனா?

இந்த வாரம் ஏரியில் வலை கட்ட நம் பாடு. முறை வந்தும் மனம் வேலையில் இல்லை. "இன்னா மச்சான், வலைய தலைகீழா கட்டினு கீற?" என்று சரவணன் சிரித்தான். எனக்கு வயிறு எரிகிறது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

உன் முத்துராஜ்


ஹைடல்பெர்க்
29.3.2024

அன்புள்ள மாமா,

வயிறு எரிந்தால் மோர் குடியுங்கள். இங்கே பனி விட்டுவிட்டது. வேலை அதிகம், தூக்கம் குறைவு. முகத்துவாரம் தூர்ந்துவிட்டதாமே, படகு போகிறதா? ஒரு விஷயம் இருக்கிறது. ஆனியில் நேரில் சொல்கிறேன்.

உங்கள் நந்தினி


பழவேற்காடு
16.4.2024

நந்தினி,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். தானியேல் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. முன்பு வரிக்கு வரி வந்தவன் எங்கே போனான்? எங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்க்க நீதானே சொல்லிக்கொடுத்தாய். பார்த்துவிட்டேன். பாசி ஒதுங்கியிருக்கிறது, அடியில் வலை கிடக்கிறது.

நேரில் சொல்ல வேண்டியதை வந்து சொல்ல வேண்டாம். அவனோடு நன்றாக இரு. நீ எப்போது வருவாய் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டார்கள். இனி வரமாட்டாள் என்று நானே சொல்லிவிட்டேன்.

முத்துராஜ்


ஹைடல்பெர்க்
3.5.2024

மாமா,

இங்கே இரண்டு வருட வேலை ஒன்றுக்கு நானும் தானியேலும் விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. அறையையும் மாற்றிக்கொண்டான். அவனுக்கும் வயிற்றெரிச்சல். பேசாதவனைப் பற்றி நான் என்ன எழுதுவது?

அந்த வேலை மேல் எனக்கு ஆசை இருந்தது. விண்ணப்பித்ததை உங்களிடம் மறைத்ததும் உண்மை. ஆனாலும் ஆனியில் வருவதாகச் சொன்னேனே என்று, வேண்டாம் என எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதைத்தான் நேரில் சொல்ல இருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று அந்தத் தாள் இன்னும் அனுப்பாமல் என் மேசைமேல் இருந்தது.

பாசியைச் சரியாகத்தான் பார்த்தீர்கள். அடியில் ஏதோ கிடக்கிறது என்பதுவரைதான் பாசி சொல்லும். என்ன கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள இங்கே வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. ஊரிடம் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். ஊரில் நீங்கள் சொன்னது அன்றைக்குப் பொய். இப்போது உண்மை.

நந்தினி